மூன்றாவது கோர்

செல்லூரிலிருந்து தெய்வேந்திரன்
ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில்
கம்ப்யூட்டரை நிறுத்தி
ஈரத்துண்டு போர்த்திக் கொண்டுவந்தார்.

"தாலி கட்டுற இடத்துல அணைஞ்சிருது ரெஜினாம்மா.
மூணு தடவை. அதே இடம்.
மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நாளைக்கு வந்து நிப்பாங்க."

கத்திரி வெயிலின் பதினோராம் நாள்.
சிம்மக்கல்லில் என் மாடிக்கடை, தகரக் கூரை,
சுவரில் தொங்கும் பாதரசம் முப்பத்தொன்பது.

அந்தக் கல்யாணத்தையே ஓடவிட்டேன்.
திரையின் மூலையில் நாலு கோர், நாலு எண்:
எழுபத்தொன்று
எழுபத்துமூன்று
இருபத்துநாலு
எழுபது.

"அந்த மூணாவது மட்டும் என்னைக்கும் கூலா இருக்கும்மா,"
நாலு பிள்ளையில் ஒன்றாவது
உருப்பட்டது என்கிற குரலில்.

அண்ணே, இந்த அறையில் காற்றே முப்பத்தொன்பது.
காற்றைவிடக் குளிர்ந்தது இங்கே
என் மண்பானை, உங்கள் ஈரத்துண்டு.
இரண்டும் வியர்க்கின்றன, அதனால் குளிர்கின்றன.
புராசசருக்கு வியர்க்காது.

அவர் விடவில்லை. போனை நீட்டினார்.
வீட்டில் எடுத்த படம், வேறொரு மென்பொருள்:
இரண்டாவது கோர் எண்பத்துமூன்று என்றது.
"பத்து டிகிரி இடிக்குதே. எது நெசம்?"

இரண்டும் கேட்பது ஒரே வாயைத்தான்.
சில்லுக்குள் இருக்கும் உணரி
எவ்வளவு சூடு என்று சொல்வதேயில்லை.
எல்லைக்கு இன்னும் எவ்வளவு மிச்சம்,
அவ்வளவுதான் அதன் பேச்சு.
வைகை அணை நிரம்ப இன்னும் அஞ்சடி என்று
மதகுப் பக்கமிருந்து ஒருவன் கத்துகிறான்;
அணை எழுபத்தோரு அடியா, அறுபதா,
அது கணக்குப் போடுகிறவர் பாடு.
இந்த மென்பொருள் தொண்ணூறிலிருந்து கழிக்கிறது,
அந்த மென்பொருள் நூறிலிருந்து.
உங்கள் சில்லுக்கு நூறுதான்.
மிச்சம் பதினேழு.
அதில் இருவருக்கும் சண்டையில்லை.

இன்னொன்றும் உண்டு:
கரை தொடும் வெள்ளத்தில்தான் அந்த உணரிக்குக் கண் கூர்மை.
சும்மா கிடக்கும் நேரத்தில் கேட்டால்
சித்திரையில் ஆற்று மணலைப் பார்த்து
ஆழம் சொல்வதுபோல் குத்துமதிப்பு.
மூன்றாவது அதுகூட இல்லை.
என்றோ ஒருநாள் இருபத்துநாலில் உறைந்தது,
அன்றிலிருந்து அதே பதில்.

விசிறியைக் கழற்றினேன்.
தகட்டின் இடுக்கெல்லாம் பக்கத்துத் தறியின் பஞ்சு,
நடுவே ஒரு நீல நூல்.
பசை காய்ந்து சுண்ணாம்புப் பொருக்காகியிருந்தது.
தகட்டில் விரல் வைத்தேன்.
விரலுக்கு எண் தெரியாது,
எடு என்றது. எடுத்தேன்.

பஞ்சை ஊதி, பொருக்கைச் சுரண்டி,
பச்சரிசி அளவு புதுப்பசை.
மறுபடி ஓடவிட்டோம்.
பெண் குனிந்தாள், யாரோ கையை உயர்த்தினார்,
கெட்டிமேளம்,
தாலி,
அட்சதை திரையெங்கும் விழுந்தது.
மிச்சம் முப்பத்தெட்டு.
தெய்வேந்திரன் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மூணாவதைச் சரிபண்ண முடியாதா?"
முடியாது.
வேலை ஒழுங்காகப் பார்க்கிறது,
தன்னைப் பற்றிச் சொல்வதுதான் தப்பு.
ரசீதில் எழுதிக் கொடுத்தேன்:
பசை, துப்புரவு, நானூற்றைம்பது ரூபாய்.
மூன்றாவது கோர் சொல்வதை நம்ப வேண்டாம்.

துண்டை மறந்துவிட்டுப் போனார்.
ஜன்னல் கம்பியில் விரித்துப் போட்டேன்.
அடுத்த ஆள் லேப்டாப்பைத் திறந்து
முகப்புத் திரையைத் துடைப்பதற்குள்
அது அப்பளமாய் விறைத்துவிட்டது.