ஏகமனதாக

மாவட்டக் கட்சி வரலாறு
நாற்பது பக்கத்துக்குள் அடங்க வேண்டும்.
காரைக்குடி அச்சகத்தார் வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறார்.
கண்டனூர் உடையப்பனை எங்கே வைப்பது?

மோல்மீன் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து
அடுத்தாளாகி
ஒரு மழைக்கால இரவில்
நாற்பத்தேழு புரோநோட்டுகளை உலைக்கு எரித்தவர்.
விசாரித்தபோது
"சோறு நன்றாக வெந்தது" என்றாராம்.
கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள்.
கல்யாணம் செய்யவில்லை, அதனால்
கோயில் கணக்கில் அவர் ஒரு புள்ளி இல்லை.

கட்சியில் சேர்ந்தார். சேர்ந்த நாளிலிருந்து தகராறு.
"பெட்டியடியில் ஆளை மாற்றுகிறீர்கள் தோழரே,
பெட்டி அங்கேயேதான் இருக்கிறது.
நாளைக்குச் சாவி உங்கள் மடியில் கனக்கும்.
மடியில் கனமென்றால் வழியில் பயம்.
பயம் வந்தால் போலீஸ் வைப்பீர்கள்."

தேவகோட்டை அரிசி ஆலை மாடியில்
அவரை நீக்கும் தீர்மானம்.
பதினேழு கைகள் உயர்ந்தன.
பதினெட்டாவது அவருடையது.
மினிட் புத்தகத்தில் 'ஏகமனதாக' என்று இருக்கிறது,
அந்த இடத்தில் மட்டும் மை சிந்தி.

அடுத்த வருஷம் தடை.
பதினோரு பேர் ஓடி ஒளிந்தது அவரிடம்தான்.
பினாங்கில் இருந்த யாரோ ஒரு செட்டியாரின்
பூட்டிய வீட்டுக்கு அவர் காவல்.
அறுபது கதவு, ஒரே அரிக்கேன் விளக்கு.
வரலாற்றில் இதற்கு இரண்டு சொல்:
தலைமறைவுக் காலம்.

நேற்று ஒரு பேரேட்டுத் தாள் கிடைத்தது.
பற்றில் வேலை, வரவில் பெயர்.
தண்ணீர் இறைக்க: செயலாளர் சாத்தையா.
கேப்பை திரிக்க: வேலாயி, காசி, மாற்றி மாற்றி.
கக்கூஸ் கழுவ: செயலாளர் சாத்தையா,
அடித்து, உடையப்பன்,
அதையும் அடித்து, மறுபடி சாத்தையா.
தலைமை என்ற கட்டத்தில்
யாரோ உப்பு விலை எழுதியிருக்கிறார்கள்.
இப்படி நாற்பத்தோரு நாள்.
சண்டை வந்திருக்கிறது, கேப்பை தீர்ந்திருக்கிறது,
உத்தரவு என்று எங்கும் ஒரு வரி இல்லை.

சாத்தையா இப்போதும் இருக்கிறார், காது மந்தம்.
தாளைக் காட்டினேன்.
வெகுநேரம் உள்ளங்கையைத் தேய்த்தார்.
"அந்தக் கிணத்துக் கயிறு அடிக்கடி அறுந்துபோகும்."
பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்து
என் கையெழுத்துப் பிரதியில்:
அராஜகவாதி. அடிக்குறிப்பு போதும்.

அடிக்குறிப்புதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்,
எட்டுப் புள்ளி எழுத்தில்.
கோயில் தராததை அச்சகம் தருகிறது.
முப்பத்தொன்றாம் பக்கத்தில் நிற்காமல்
அடுத்த பக்கத்துக்கு வழிகிறது.
பல்பொடி விளம்பரத்தை எடுக்கச் சொல்ல வேண்டும்.