தேடி

எச்சில் துப்பி அனுப்பிய குப்பிக்கு
ஸ்காபரோவிலிருந்து பதில் வந்தது:
ஆறு வீதம் அயர்லாந்து.
றெஜி அண்ணன் சிரிக்கிற முகங்கள் எட்டு அனுப்பினான்.
பிறகு, "நீதானே கொழும்பிலை நிக்கிறாய்,
ஆரெண்டு பார்."

அதுவரைக்கும் எங்களுக்கு அவர் மாக்கினார்.
கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்கே
மூன்று தலைமுறையாக அதுதான் விலாசம்: மாக்கினார் வீடு.
ஆர் விகுதியைக் கேட்டு
யாரோ ஒரு புலவர், இல்லாவிட்டால் சம்மாட்டி
என்று நினைத்தே வளர்ந்தோம்.

சுவடிகள் திணைக்களத்தில்
பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு
பென்சில் தந்தார்கள்.
படிவத்தில் ஒரு கட்டம்:
தேடப்படுபவர் உமக்கு என்ன முறை?
ஓட்டன், என்று எழுதினேன்.

அலைத்தடுப்பு அணை கட்டிய வருடங்களின் சம்பளப் புத்தகம்.
பூச்சி அரித்த ஓட்டைகளுக்கு நடுவே
மக்கினெர்னி, கிளேர் மாவட்டம், நேரக் கணக்கர்.
முதற்பெயர்: தேடி.
இரண்டு தரம் வாசித்தேன்.
அந்த ஊரில் அது வெறும் பெயர்தானாம்.

விடிய ஆறுக்கு மணி அடித்ததும்
கல் ஏற்றுகிறவர்களின் பெயருக்கு நேரே
கோடு போடுவது அவர் வேலை.
கோடு விழாதவனுக்கு அன்றைக்குச் சோறில்லை.
தனக்கும் அப்படியே போட்டிருக்கிறார்.
அவருடைய குடும்பம் முழுவதும்
சம்பளம் வெட்டுகிற கட்டத்துக்குள்தான் இருக்கிறது.

மார்ச் ஒன்பது: அரைநாள் வெட்டு, வீட்டில் பிரசவம்.
ஆகஸ்ட்: இரண்டு நாள் வெட்டு, பிள்ளை அடக்கம்.
அடுத்த வருடம் அதே பெயரில் இன்னொரு பிள்ளை,
இன்னொரு அரைநாள்.
கூரை ஒழுகியதற்கு முற்பணம் ஐந்து ரூபாய்.
வாந்திபேதி பரவிய மாதத்தில் ஒரு சதமும் வெட்டவில்லை.
விடவில்லையோ,
போய்ப் பார்க்கத் துணிவில்லையோ.

கோவில் பதிவேட்டில் அவள்
முதலில் சபினா, பிறகு பஸ்தியா, மூன்றாவதில் சாபி.
செபஸ்தியாள் என்பது
ஒரு குருவானவரின் காதிலும் ஏறவில்லை.
அவள் மட்டும் என்ன,
மக்கினெர்னியை வாயில் போட்டு மென்று
மரியாதையும் சேர்த்துத் துப்பியிருக்கிறாள்.
எந்த மொழியில் சண்டை பிடித்தார்கள்,
கருவாட்டுக் குழம்பு உறைத்ததா,
பதிவில்லை.
மூன்றாவது பிள்ளை, பத்திரீசு, பிழைத்தான்.
அதனால் நான்.

பின்னேரம் மூன்று மணிக்கு
அதே கட்டுக்குள் நாலாய் மடித்த ஒரு கடிதம்.
பங்குக் குருவைக் கொண்டு எழுதுவித்தது.
ஐயா, என் கணவர் உங்கள் துறைமுகத்தில் என்று கேள்வி.
நாலு வருடமாகத் தகவல் இல்லை.
உயிரோடிருந்தால் எனக்குக் கோபமில்லை என்று சொல்லுங்கள்.
கூரையை நானே வேய்ந்துவிட்டேன் என்றும்.
இப்படிக்கு ஹொனோரா மக்கினெர்னி.
கையெழுத்துக்குப் பதில் ஒரு சிலுவைக் கீறல்.

ஓரத்தில், வேறு மையில், ஒரு வரி:
அப்படி ஒருவர் இங்கே இல்லை.

அந்தக் கையை எனக்குத் தெரியும்.
காலையிலிருந்து அதைத்தானே வாசிக்கிறேன்.
அரைநாள் வெட்டு, இரண்டு நாள் வெட்டு.

கிழித்திருக்கலாம்.
எட்டிப் போட்டிருந்தால் கடல்.
கோப்பில் வைத்து
நூலால் கட்டியிருக்கிறார்.

என் ஆறு வீதத்தில்
ஹொனோரா ஒரு துளியும் இல்லை.
ஆனால் எனக்கு முன்னால் இந்த மனிசனைத் தேடியவள்
அவள் ஒருத்திதான்.

பிரதி எடுக்க இன்னொரு படிவம் தந்தார்கள்.
அதிலும் அதே கட்டம்: என்ன முறை?
பென்சில் முனையைக் கடித்தபடி இருந்தேன்.
ஷியாமலி மிஸ் மின்விசிறிகளை
ஒவ்வொன்றாக நிற்பாட்டத் தொடங்கினார்.
போனில் றெஜி அண்ணன்:
"ஏதும் அம்பிட்டதோ?"