இமையோரம்

திங்கள் விடிய
வலது மேலிமையின் ஓரத்தில்
ஒரு பாசிப்பயறு முளைத்திருந்தது.
தொட்டால் நோகும்.
தொடாவிட்டால் தொடச் சொல்லும்.

"ஆரை ஒளிச்சுப் பார்த்தனீர்?"
கீழ்வீட்டு மரியதாசன் சிரித்தார்.
ஆரை என்று சொல்ல?
வெள்ளவத்தையில், இரண்டாம் மாடி அறையில்,
கல்யாணப் பெண்களின் கண்களை
ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்க்கிறேன்,
பதினோரு வருடமாக.

கண்ணாடி சொன்னது: நசுக்கு.
நகங்கள் ஆயத்தமாய் இருந்தன.
சவர்க்காரம் போட்டுக் கழுவியதும்
வேறு ஆரோவின் கைபோல
அடங்கிவிட்டது கை.

கேத்தல் கொதித்தது. ஆறவிட்டேன்.
மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து
வெள்ளைத் துணியை முக்கிப் பிழிந்து
மூடிய இமைமேல் வைத்தேன்.
பத்து நிமிடம்.
சும்மா இருக்கத் தெரியாதவளுக்கு
அது எவ்வளவு நீளம்!
பாண்காரனின் ஓட்டோ
தன் ஒரே மெட்டோடு ஒழுங்கைக்குள் வந்து
திரும்பிப் போனது.
களுத்துறைப் பக்கம் போகும் ரயிலுக்கு
யன்னல் நடுங்கியது.
துணி ஆறியது. மறுபடி முக்கினேன்.
காலை, மதியம், பின்னேரம், படுக்கமுன்.

மூடிய கண்ணுக்குள்தான்
அந்த மைப்பென்சில் தெரிந்தது.
போன சித்திரைக்கு முந்தின சித்திரையில் வாங்கியது.
சனிக்கிழமை தெமட்டகொடையில்
எனக்கு இழுத்த அதே முனையால்
மணப்பெண்ணின் தங்கை ஃபஸ்மினாவுக்கும் இழுத்தேன்,
"எனக்கும் கொஞ்சம், அக்கா" என்று
அவள் முகத்தை நீட்டியபோது.

"கண் எப்படி?"
எழுதினேன். அழித்தேன். எழுதினேன்.
பதில் படமாக வந்தது:
இடது இமையில் அவளுக்கும் ஒரு பயறு.
அடியில்,
"வெள்ளியே கண் அரிச்சது அக்கா.
மை பூசமாட்டீங்கண்டு சொல்லல்ல.
உங்களுக்கும் வந்துட்டா?"

ஆர் ஆருக்குக் கொடுத்தது என்று
பங்கு பிரிக்க முடியவில்லை.
துணி, சுடுதண்ணி, பத்து நிமிடம் என்று அனுப்பினேன்.
துவாயைத் தனியாக வை. கசக்காதே.
வீக்கம் பரவினால், பார்வை மங்கினால்
எனக்குப் படம் அனுப்பாதே,
டொக்டரிடம் போ.

பிறகு பையைக் கட்டிலில் கவிழ்த்தேன்.
மஸ்காரா மூன்று, பென்சில் ஐந்து,
மூடி தொலைந்த ஐலைனர் ஒன்று.
விலையை நினைக்காமல் எறியப் பார்த்தேன்.
நினைத்தபடியே எறிந்தேன்.
கழுவிய தூரிகைகள் யன்னல் ஓரத்தில்
கடற்காற்றுக்குத் தலை காயவைத்தன.

வியாழன் இரவு, நான் தூங்கையில்,
அது தானாகவே உடைந்திருக்கிறது.
காலையில் இமைமயிரில்
ஒரு மஞ்சள் பொருக்கு, அவ்வளவுதான்.
இளஞ்சூட்டுத் தண்ணியில் துடைத்தேன்.

இன்று மை இல்லாமல்
நூறாம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன்.
மிச்சக் காசைத் தந்தபடி
கொண்டக்டர் கேட்டார்: "அசனீபத, மிஸ்?"
சுகமில்லையா என்று.
இல்லை, இப்போதுதான் சுகம் என்று
சொல்ல வாய் எடுத்தேன்.
இவ்வளவு காலம் இந்தத் தெருவில் இருந்தும்
கண்கட்டிக்குச் சிங்களத்தில் என்ன சொல்
என்று எனக்குத் தெரியவில்லை.