ஜன்னலுக்குக் கழிவு இல்லை

பள்ளத்தூர் ரேஷன் கடை மிஷினுக்கு
என்னை அடையாளம் தெரியவில்லை.
வலது கட்டைவிரல். இல்லை.
வலது ஆள்காட்டி. இல்லை.
தலைமுடியில் தேய்ச்சிட்டு வைங்க என்றாள்
பில் போடும் சகாயராணி.
தேய்த்தேன். எண்ணெய் ஏறியது,
ரேகை ஏறவில்லை.
பின்னால் ஒன்பது பேர்.
பாமாயில் தீர்ந்துடும்போல என்று ஒருவர்
எனக்குக் கேட்கிற மாதிரி
தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இருபத்தாறு வருஷப் பூச்சு வேலை.
பாதியைச் சிமெண்ட் தின்றது,
பாதியை நீற்றின சுண்ணாம்பு.
ஒட்டிக்கொண்டிருந்த மிச்சமும்
போன மாதம் கானாடுகாத்தானில் போயிற்று,
ஓட்டலாகப் போகிற ஒரு வீட்டில்.
உள்ளங்கையில் அடங்கும் கூழாங்கல்லால்
முகப்புச் சுவரை
பதினோரு நாள் இழைத்தேன்.

வெள்ளைக்கரு வாளி வாளியாய்ச் சுவருக்குப் போனது.
மஞ்சள்கருவை என்ன செய்ய?
ஆறு பேரும் மூணு வேளையும்
பொடிமாஸ் தின்றோம்.
வீட்டுக்கு வந்தால் பூமயில்
முட்டைக்குழம்பு வைத்திருந்தாள்.

கடைசிப் பூச்சில் முந்தினால் குழையும்,
பிந்தினால் கீறும்.
நடுவில் முக்கால் மணி நேரம் உண்டு.
அதற்குள் ஒன்றுக்குப் போகவும் நேரம் கிடையாது.
மறுநாள் சுவருக்கு வேர்க்கும்.
நெற்றியில் போலவே, பொடிப்பொடியாய்.
பழைய வேட்டித் துணியால் ஒற்றணும்,
துடைக்கக் கூடாது.
விரல் பட்டால் போச்சு.
வெயில் சாயும் நேரம்
அத்தனை பெரிய சுவரில்
அந்த ஒரு தடம்தான் தெரியும்.
கொத்தனாராகி ரெண்டாம் வருஷம்
என் விரல் பட்டு
நாலு சதுர அடியைக் கொத்தி எடுத்திருக்கிறேன்.
அப்போது எனக்கு ரேகை இருந்திருக்கிறது.

இடது கட்டைவிரல். இல்லை.
வீட்டுக்காரம்மாவைக் கூட்டிட்டு வாங்களேன்.
அவளும் சித்தாள்தான், அதே சுண்ணாம்பு.
மகள் வந்தால் அரிசி வரும்,
அவள் கோயம்புத்தூர் ஹாஸ்டலில்.
போனுக்கு ஓடிபி அனுப்பலாம்,
அந்த சிம் சாரத்திலிருந்து விழுந்து
கலவையோடு கலந்துவிட்டது.

அந்த ஓட்டல் கணக்கும் இன்னும் உறுத்துகிறது.
இன்ஜினீயர் சிவப்புப் புள்ளி விழும் கருவியால்
சுவரையெல்லாம் நிமிஷத்தில் அளந்தார்.
கதவு ஜன்னலுக்குக் கழித்துவிட்டார்.
ஓட்டைக்கு எதுக்கு பூச்சுக்கூலி என்றார்.
கேட்க நியாயம் போலத்தான் இருக்கும்.
ஓட்டைக்கு உள்பக்கம் நாலு,
மேலே வளைவு,
கீழே தண்ணி வடியச் சாய்வு,
மூலைக்கு மூலை மட்டம் பார்க்கணும்,
ஒரு நூல் பிசகினால் சட்டம் உட்காராது.
வெறும் சுவரை எவனும் இழுத்துவிடுவான்,
ஜன்னலில்தான் கொத்தனார் தெரிவான்.
சொன்னேன்.
சிரித்தார், டீ வரவழைத்தார், கழித்தார்.
நாற்பத்திரண்டு ஜன்னல்.

என்ன வேலைங்க பார்க்குறீங்க,
என் விரலை இப்போதுதான் பார்த்தாள் சகாயராணி.
பூச்சு என்றேன்.
குரலைத் தாழ்த்தினாள்.
எங்க வீட்டு பாத்ரூம் பூசி ஆறு மாசம்தான் ஆவுது,
கை வச்சா உதிருது,
திரும்பப் பூச சதுர அடிக்கு என்ன கேப்பீங்க?
சொன்னேன்.
ஜன்னல் இருக்கா?
ஒண்ணே ஒண்ணு, சின்னது, ஃபேன் வைக்க.
அதைக் கழிக்க மாட்டேன்.
பின்னால் பாமாயில்காரர் இருமினார்.
அவள் கொஞ்சம் யோசித்தாள்.
சரி, சுண்டுவிரலை வைங்க, இடது கை.

கல்லைப் பிடிக்கும்போதெல்லாம்
சுவரில் படாமல்
எட்டி நின்றே காலம் கழித்த சோம்பேறி அது.
வைத்தேன்.
பச்சை எரிந்தது.
சேவுகன் பெ., அரிசி இருபது கிலோ.

வெள்ளிக்கிழமை வந்து அளந்துக்குங்க என்றாள்,
எங்க வீட்டுக்காரர்கிட்ட டேப் இருக்கு.
வேண்டாம்,
நான் கொண்டு வருகிறேன் என்றேன்.