விலக்கு

மார்ச் இருபத்தெட்டு. அம்பத்தூர் எஸ்டேட்.
நாற்பத்தோரு பேரின் பிரீமிய ரசீதுகளை
எண்பது-டி கோப்பில் கோத்துக்கொண்டிருக்கிறேன்.
பெயின்ட் பிரிவு ஞானசேகரன்
மேசைமேல் கையூன்றிக் கேட்கிறார்:
"இதுல எவ்ளோ விலக்கு வரும் மேடம்?"
இருபத்தைந்தாயிரம் வரைக்கும், என்கிறேன்
எழாமலே.
எழுந்தால் நாற்காலியைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

இன்று பதினோராம் நாள்.
கருப்பையில் எலுமிச்சையளவு கட்டி
என்றது முகப்பேர் ஸ்கேன் சென்டர்.
எடுத்துவிடலாம்தான். எனக்கும் பாலிசி உண்டு,
போன மார்ச் முப்பதாம் தேதி
வரிக்கு பயந்து அவசரமாய்ப் போட்டது.
பதினேழாம் பக்கத்தில் கடுகெழுத்து:
கருப்பைக் கட்டிக்கு
இருபத்துநான்கு மாதம் விலக்கு.

அந்த வருஷக் கணக்கிலேயே
வரி குறைந்துவிட்டது.
ஏழாயிரத்துச் சொச்சம். அதில்
மிக்ஸி ஒன்று வாங்கினோம்.

இரவு
எனக்கென்று ஒதுக்கிய தட்டை
ஒரு கை தூரத்தில் வைத்துவிட்டு
மாமியார் கேட்கிறார்:
"விலக்கு இன்னும் எத்தன நாளும்மா?"

விரல்விட்டு எண்ணவில்லை,
மதியமே கால்குலேட்டரில் போட்டாயிற்று.

"முன்னூத்தி அறுபத்தேழு, அத்தை."

மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.
அவருக்குக் கேட்கவில்லை.