காய்ச்சல்

பத்து மாவுங் படகுத்துறையில்
மீனுக்கு ஐஸ் செய்யும் ஆலையின் பின்சுவரில்
எப்போதும் ஒரு வெக்கை.
குளிர் தயாரிப்பவர்கள்
வெளியே எறியும் குப்பை அது.
அதைத்தான் வாடகைக்கு எடுத்தோம்,
மாதம் நூற்றைம்பது வெள்ளி.

அடுப்பு கிடையாது.
குழாய்ச் சுருளில் அந்த ஓசிச் சூடு,
எஃகுக் கலத்தில் கடல்,
மேலிருந்து காற்றை உறிஞ்சும் ஒரு பம்பு.
தலைமேல் கனம் குறையக் குறைய
நாற்பது பாகையிலேயே
கொதிக்கச் சம்மதித்துவிடுகிறது தண்ணீர்.
கலத்தைத் தொட்டால் சுடாது.
பள்ளிக்கு விடுப்பு எழுதித் தரலாமா
என்று யோசிக்க வைக்கும்
பிள்ளையின் நெற்றி மாதிரி இருக்கும்.
காய்ச்சுவதும் காய்ச்சலும்
ஏன் ஒரே சொல்லென்று
அந்தச் சின்னக் கண்ணாடிச் சன்னலில்
குமிழிகளைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது.

பிடிபட்ட இரவே நின்றுபோனது.
அதே சூடு, அதே உப்பு,
ஆனால் உள்ளே ஒரு குளம், அசையாமல்.
அழுத்தமானியின் முள் மெல்ல ஏறியது.
எங்கோ காற்று நுழைகிறது.
சவர்க்கார நுரையைத் தூரிகையில் தொட்டு
மூட்டு மூட்டாகத் தடவினாள் ஹஃபிசா.
ஏழாவது மூட்டில்
நுரை குமிழவில்லை;
உள்ளே போனது, யாரோ குடித்ததுபோல.

ரப்பர் வளையத்துக்கடியில் ஒரு தலைமுடி.
பாதி நரைத்தது.
ஹஃபிசா முக்காடு போட்டிருந்தாள்,
அதனால் விவாதம் எழவில்லை.

ஊரில் குழாய் வறண்டு மூன்றாம் நாள்.
விடிவதற்குள் இருபத்தோரு லிட்டர்.
முதல் தம்ளரை நான் குடித்தேன்.
எந்தக் கிணறும் எந்தக் குழாயும்
சொந்தம் கொண்டாட முடியாத ருசி,
அதாவது ருசியே இல்லை.
தாகமுள்ளவர்கள் வரிசையில் வருவார்கள்
என்று மனதுக்குள் ஒரு பேச்சு தயாரித்திருந்தேன்.

முதலில் வந்தவர் படகுக்காரர் சூன் ஹுவாட்.
"பசியாறியாச்சா?" என்று தமிழில் கேட்டுவிட்டு
காலிப் புட்டியை நீட்டினார்.
"உப்பு சுத்தமா இல்லைதானே?
பேட்டரிக்கு ஊத்தணும்."

ஊற்றினேன்.
இருமுறை இருமி
மூன்றாம் முறை கிளம்பிப் போனது படகு,
நாங்கள் கடலிலிருந்து பிரித்தெடுத்ததைச்
சுமந்துகொண்டு கடலுக்கே.

பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள்,
குடங்களோடும், பால்மாவு டின்னோடும்,
ஒருத்தி ரைஸ் குக்கரின் உள்பாத்திரத்தோடும்.
ஒன்பது மணிக்குத் தீர்ந்தது.

கலத்தின் அடியில் மிஞ்சியது
இப்போது வாளியில் இருக்கிறது,
கடலைவிடக் கடலாக,
இன்னும் இளஞ்சூடு தணியாமல்.
அதை எங்கே ஊற்றுவதென்று
நானும் ஹஃபிசாவும்
வாளிக்கு இரண்டு பக்கமும் நிற்கிறோம்.