வளைவுக்காரி

விடியுமுன் நாலேகாலுக்குப் போடியில் சாவி திருகினால்
மெட்டு ஏறி, செக்போஸ்ட் தாண்டி
ஏழுக்குள் சாந்தன்பாறைத் தோட்டத்தில் ஆள் இறக்க வேண்டும்.
எட்டுப் பேர் ஏறலாம் என்கிறது காகிதம்.
பதினாலுக்குக் குறைந்தால் டீசலுக்குக் கட்டாது.

முந்தல் வரை யாரும் பேசுவதில்லை.
தூக்குவாளிகள்தான் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்.
மூன்றாம் வளைவில் ஒருத்தி இருமுவாள்.
ஆறாவதில் சுருளியம்மா வெற்றிலை துப்புவாள்,
காற்று எந்தப் பக்கம் என்று பார்க்காமல்.
பதினொன்றாவதில்தான் பாட்டு.

அங்கே ஒரு கல்.
ரோடு போட வந்தவர்கள் புரட்ட முடியாமல் விட்டது என்பார்கள்,
புரட்டியவனுக்கு வாய் கோணியது என்றும்.
மஞ்சள் பூசியிருக்கும். முகம் கிடையாது.
வளைவுக்காரி என்று பேர்.
நிறுத்த இடமில்லை, பின்னால் வரிசையாக ஜீப்புகள்.
கல் கண்ணில் பட்டு மறைவதற்குள்
பாடி முடித்தாக வேண்டும்.
செகண்ட் கியரில் இருபது நொடி.
சாமிக்கும் அவ்வளவுதான் நேரம்.

    ஏலம் பழுத்திருக்கு – எங்க
    எலும்பெல்லாம் காச்சிருக்கு
    எட்டுக் கையி ஒனக்கிருக்கு – அதுல
    ரெண்டு கையக் கடன் கொடு

பக்கத்து வீட்டில் உழக்கு கேட்கிற குரல்.
"கையே இல்லையே அந்தக் கல்லுக்கு" என்றேன் ஒருநாள்.
பவுன்தாயி சிரித்தாள்.
"எட்டையும் யார் யாருக்கோ குடுத்துட்டு நிக்கிறா.
நம்ம முறை வரும், நீ ரோட்டப் பாரு."

செசிலியும் பாடுவாள், நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு.
"எங்க ஆளுக்கு ரெண்டே கை,
அதுவும் ஆணியில.
அவர்கிட்டப் போயி எப்படிக் கேக்க?"

மருந்தடிக்கிற மாதத்தில் பாட்டு மாறும்.
கஞ்சி கசக்குது, ஒம் பொங்கச்சோறும் கசக்குதா ஆத்தா
என்று ஒரு வரி கூடும்.
அட்டைக்காலத்தில் வேறொன்று,
அதை ஆண்பிள்ளை முன்னால் முழுதாகப் பாட மாட்டார்கள்.
முனகிவிட்டு அவர்களுக்குள் சிரிப்பார்கள்.

போன ஆடியில் நல்ல மழை.
படுதாக் கயிற்றை வெளியே கைவிட்டுப் பிடித்திருந்தாள் பவுன்தாயி,
மற்றவர்கள் நனையாமலிருக்க.
எதிரே தடி லாரி.
பாறையோரம் ஒதுங்கினேன்.
ஒதுங்கினது நான்தான்.

தேனி ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.
ஸ்டேஷனில் எட்டுப் பேர் என்று எழுதினார்கள்.
அவள் ஒன்பதாவது ஆள்.
அதனால் அன்று ஜீப்பில் அவள் இல்லவே இல்லை.

தையில் திரும்பி வந்தாள்.
ஸ்டோரில் காய் பொறுக்குகிற வேலை, அரைக் கூலி.
முதல் நாளே, பதினொன்றாவதில்,
மற்றவர்கள் வாய் திறக்குமுன் அவள் குரல்:

    எட்டோட ஒம்பதா – எங்
    கையையும் வச்சுக்கிட்ட
    பட்ட கடன் தீந்துச்சா – இன்னும்
    பாக்கி இருக்கா சொல்லு

பின்னால் பதின்மூன்று பேரும் அதைத் திருப்பிப் பாடினார்கள்,
எப்போதும் இருந்த வரி போல.
மஞ்சள் கல் ஒன்றும் சொல்லவில்லை.
பன்னிரண்டாவது வளைவு வந்துவிட்டது.

தினமும் காது கொடுத்துக் கேட்கிறேன்.
கங்காணி வருகிறான் பாட்டில்,
தராசு வருகிறது, குடிகாரப் புருசன் வருகிறான்,
செக்போஸ்ட்காரனின் டார்ச் லைட் கூட வருகிறது.
டிரைவர் வருவதில்லை.
எனக்குரிய திட்டையும்
அந்தக் கல்லே வாங்கிக்கொள்கிறது போல.
ஒரு தடவை, ஆள் இல்லாமல் இறங்கும்போது,
வண்டியை நிறுத்தி அதன்முன் நின்றேன்.
எனக்குப் பாட வரவில்லை.
ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தேன்.

இப்போது முன் சீட்டு அவளுக்கு.
காசு வேண்டாம் என்றால் கேட்பதில்லை,
எண்ணி டேஷ்போர்டில் வைக்கிறாள்.
அங்கேயே இடக்கையால் தாளமும் போடுகிறாள்.
ரெண்டு கையக் கடன் கொடு
என்று வருகிற இடத்தில்
ஸ்டியரிங்மேல் இருக்கிற இரண்டையும்
எங்கே வைப்பது என்று தெரியவில்லை.
வளைவு முடிகிறவரை
எடுக்கவும் முடியாது.